செல்லியம்மன் காலடியில் சாவி

நிறுத்த வேண்டாம் தம்பி, ஓடட்டும். அந்த வீடியோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்தான். போனை ஒரு தடவை, என்னை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது. இந்த மூக்கை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

மருதமுத்து. மைக்செட் மருதமுத்து என்றால் துறையூர்ப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு, எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் கத்தும். இப்போது என்னை 'செல்லி காயின் மோசடி மன்னன்' என்று போட்டிருக்கிறான். மன்னன் என்கிறான் பாருங்கள். மழை வந்தால் என் வீட்டில் ஆம்ப்ளிபயருக்குத்தான் முதலில் தார்ப்பாய். எனக்கு அப்புறம்தான்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். பஸ்ஸில் கடைசி சீட்டில் இரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்களே, அவர்கள் என்னோடு வந்தவர்கள். காவல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். துணை என்று சொல்ல வேண்டும். அது ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் காயின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தவர், தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொன்னால் நன்றாகப் புரியும் என்று ஊரில் சொல்வார்கள். பாங்கில் பணம் போட்டால் எடுப்பதற்குப் பாங்குக்காரனிடம் போய்க் கை கட்டி நிற்க வேண்டும். காயினில் அப்படி இல்லை. பணம் போனில் எல்லார் கண்ணுக்கும் தெரியும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எடுக்க மட்டும் ஒரு சாவி வேண்டும். மேனேஜர் கிடையாது, தலைவர் கிடையாது, எல்லாரும் சமம். இதை நான் மைக்கில் சொன்னபோது ஜனத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்கே சிலிர்த்தது.

ஊர்ப் பணத்தைச் சேர்த்து வெளிநாட்டுக் காயினாக வாங்கி ஒரே இடத்தில் வைத்தோம். அதற்கு ஈடாக அவரவர் போனில் செல்லி காயின். எங்கள் ஊர் அம்மன் பேர் செல்லியம்மன், அவள் பேரையே வைத்தேன். இயந்திர வேலையெல்லாம் துறையூரில் செல்போன் கடை வைத்திருக்கிற ஜமால் பார்த்துக்கொண்டான். நல்ல பையன், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். யோசனை மட்டும் என்னுடையது.

இந்த வீடியோக்காரர் கேட்கிறார், தலைவரே இல்லாத காயினுக்கு இவர் எப்படித் தலைவர் ஆனார் என்று. தலைவர் கிடையாது என்று யாராவது ஒருத்தர் எழுந்து சொல்ல வேண்டும் இல்லையா தம்பி? நான் சொன்னேன். அது ஒரு குற்றமா?

தனியாக முடிவெடுத்தேனாம். சுத்தப் பொய். எல்லாவற்றையும் ஊரைக் கேட்டுத்தான் செய்தேன். "சம்மதமா?" என்று மைக்கில் கேட்பேன், கை தட்டுவார்கள். மைக் எப்போதும் இவர் கையிலேயே இருந்தது என்கிறார். என் மைக் என் கையில் இல்லாமல் வேறு யார் கையில் இருக்கும்?

எதிர்த்துப் பேசினவர்கள் வாயை அடைத்தேனாம். எதிர்த்துப் பேசியது ஊரில் ஒரே ஆள்தான். மங்கையர்க்கரசி. தபாலாபீஸ் சேமிப்புக்கு வீடு வீடாக ஆள் பிடிக்கிற பெண். அவள் பிழைப்பு அவளுக்கு. கூட்டத்தில் எழுந்து நின்று, "அண்ணே, ஒரு அவசரம்னா எப்படிண்ணே எடுக்கிறது?" என்று கேட்டாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் கேட்கிற கேள்வியா அது? நான் அவள் வாயை அடைக்கவே இல்லை. நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். மங்கலமாக இருக்கட்டும் என்று.

சரி, சாவிக்கு வருகிறேன்.

சாவி என்றால் நம் வீட்டுச் சாவி மாதிரி இல்லை. கட்டைவிரல் அளவு ஒரு டப்பா. ஜமால் அதைக் கம்ப்யூட்டரில் செருகினான். இருபத்து நாலு இங்கிலீஷ் வார்த்தை வந்தது. "அண்ணே, இதை நீங்களே உங்க கையால எழுதிக்கோங்க, நான்கூடப் பாக்கக் கூடாது" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் எழுதவில்லை தம்பி, வரைந்தேன். கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முடித்ததும் சொன்னான்: "டப்பா போனாலும் பரவால்லண்ணே. இந்தத் தாள் மட்டும் போகக் கூடாது. இது இருந்தா யார் வேணாலும் எடுத்துரலாம்."

யார் வேணாலும் எடுத்துரலாம். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஊர்ப்பணம். நாளைக்கு என் புத்தியே கெட்டுப் போனால்? என் பெண்டாட்டியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவன் கண்ணில் பட்டால்? யாராலும் எடுக்க முடியாதபடி, என்னாலேயே எடுக்க முடியாதபடி வைத்தால்தானே அது நாணயம்? இப்படி யோசிக்கிற தலைவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோயிலைப் புதிதாக எடுத்துக் கட்டி, கும்பாபிஷேகம் வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அம்மனைப் பீடத்தில் நிறுத்துவதற்கு முன்னால் கீழே குழியில் யந்திரத் தகடு வைப்பார்கள். அதோடு ஊர்ஜனம் ஆளுக்குக் கொஞ்சம் பொன்னோ வெள்ளியோ போடும். மூக்குத்தியைக் கழற்றிப் போடுகிற பெண்கள் உண்டு. அதற்கு மேல் அம்மனை உட்கார வைத்து, சுற்றிலும் அஷ்டபந்தன மருந்தைச் சாத்துவார்கள். அரக்கும் மெழுகும் வெண்ணெயும் இன்னும் என்னென்னவோ சேர்த்து நாள் கணக்கில் இடித்து, சூட்டில் இளக்கின மருந்து. இறுகினால் கல். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த மருந்தைத்தான் மாற்றுவார்கள். அம்மனை அசைக்க மாட்டார்கள்.

புரிந்துவிட்டதா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதே முகத்தைத்தான் ஜமாலும் வைத்துக்கொண்டான். அவன் அன்றைக்குக் கடையில் இருந்தான். பக்கத்தில் இருந்திருந்தால் பாய்ந்து பிடுங்கியிருப்பான்.

நான் மைக்கைப் பிடித்தேன். "நம்ம பணத்துக்கு இனிமே பாங்கு வேணாம், பூட்டு வேணாம். செல்லியாத்தா உக்காந்து காவல் காப்பா. சம்மதமா?" என்றேன். அடேயப்பா! அந்தக் கைத்தட்டலில் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் போய்விட்டன. டப்பாவை மஞ்சள் துணியில் முடிந்து குழியில் போட்டேன். அதோடு விட்டேனா? யாகம் முடிகிற நேரம், பட்டுத்துணியும் கொப்பரையும் நெருப்பில் போடுவார்களே, அதோடு அந்தத் தாளையும் எல்லார் கண் முன்னாலும் போட்டேன். நெய்யில் நனைந்த தாள், பொசுக்கென்று போய்விட்டது. என் அக்கா செங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களிடம், "எந்தம்பி, எந்தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பொழுது, தம்பி, நான் மனுஷனாகப் பிறந்ததற்கு அந்த ஒரு பொழுது போதும்.

மங்கையர்க்கரசி மட்டும் சத்தம் போடாமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் என்ன, வழக்கமாக நடக்கிறதுதான் நடந்தது. வெளிநாட்டில் காயின் விலை ஏறியது. காலையில் எழுந்ததும் எல்லாரும் போனைத்தான் பார்ப்பார்கள். மிட்டாய்க் கடையில் கண்ணாடிக்குள் லட்டு அடுக்கியிருக்கிறது, கடையில் ஆள் இல்லை, கதவும் இல்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். நம் லட்டுதான்.

ஐப்பசி மழையில் அக்கா வீட்டுச் சுவர் விழுந்தது. தெருப் பக்கம் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது வீடு. பழைய சேலையைக் கட்டி மறைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"முத்து, எம் பங்கை மட்டும் எடுத்துக் குடுத்துரு."

"எடுக்க முடியாதுக்கா. அம்மனுக்குக் கீழே இருக்கில்ல."

"அது ஊருக்குச் சொல்றது. எனக்குச் சொல்லு."

"நெசமாத்தான்க்கா. தாளையும் எரிச்சுட்டேன், நீதான் பாத்தியே."

சிரித்தாள் தம்பி. என் கன்னத்தைத் தட்டினாள். "போடா. இருக்கிற ஒரே சாவியை எவனாச்சும் எரிப்பானா? நீ என்ன கிறுக்கனா?"

அவள் சொன்னதை ஊரே சொல்ல ஆரம்பித்தது. கை தட்டினவர்கள் எல்லாரும்தான் சொல்கிறார்கள், மருதமுத்து அவ்வளவு முட்டாள் கிடையாது, நகல் ஒன்று வைத்திருக்கிறான் என்று. எப்படிப்பட்ட நம்பிக்கை பாருங்கள் என் மேல்! பூசாரியிடம் போய் அம்மனைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டோம். "தூக்குறதுன்னா மொதல்ல என்னைப் பாடையில தூக்கிட்டு அப்புறம் அவளைத் தூக்குங்க" என்று நடைவாசலில் படுத்துவிட்டார். தூக்கித்தான் என்ன? கொதிக்கக் கொதிக்க மருந்து சாத்தியிருக்கிறது, டப்பா வெந்திருக்கும் என்று ஜமால் என் காதில் மட்டும் சொன்னான். அதை நான் ஊரில் சொல்லவில்லை. தலைவன் என்றால் நாலும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயும் அப்படித்தான். என் பெண்டாட்டி சரசு ஸ்பீக்கர் பெட்டிகளையெல்லாம் திருகு கழற்றித் துடைத்தாள். நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதைத் தொட்டதில்லை. சாப்பாடு போடும்போது கேட்பாள்: "என்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

எனக்குப் பணம்கூடப் பெரிசில்லை தம்பி. நான் திருடவில்லை. அதை ஒருத்தராவது நம்ப வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கடைசியில், சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் செல்லியம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், அதற்கு மேல் கேள்வி கிடையாது. போலீசு கோர்ட்டு எல்லாம் அப்புறம்தான்.

தை வெள்ளிக்கிழமை. நானே ஆட்டோவில் குழாய் கட்டி ஊரெல்லாம் சொன்னேன். கோயில் கொள்ளவில்லை. அந்த வீடியோ அன்றைக்கு எடுத்ததுதான். பூசாரி கல்லின் மேல் சூடத்தைக் குவித்துக் கொளுத்தினார். "நகல் ஏதும் நான் வெச்சுக்கல, தாயி சத்தியமா" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன். இந்த வலது கையை.

மணிக்கட்டைப் பிடித்தது அக்கா.

"அணைச்சுராதடா!"

"விடுக்கா. நான் திருடன் இல்லன்னு நீயாவது தெரிஞ்சுக்க."

"நீ திருடனாவே இருந்துட்டுப் போடா. நீ திருடன்னா எங்க பணம் உங்கிட்ட இருக்கு. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மனசு எரங்கிக் குடுப்பே. நீ நல்லவன்னு ஆயிட்டா நாங்க எங்கடா போவோம்?"

சூடம் எரிந்துகொண்டே இருக்கிறது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் தலையை ஆட்டுகிறார்கள். நான் மைக்கில் கேட்காமலே ஊர் முழுக்கச் சம்மதித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். மங்கையர்க்கரசிதான். "அண்ணன் சொல்றது நெசந்தாங்க. அவர்கிட்ட நகல் இருக்காது."

என் மனசு குளிர்ந்துவிட்டது. ஆகா, ஒருத்தி நம்பினாளே! அவளைப் போய் என்னென்னவோ நினைத்தோமே! கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

"நகல் எடுத்து வெச்சுக்கிற அளவுக்கு அவருக்கு யோசனை கிடையாது" என்றாள்.

கூட்டத்தில் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். ஊர் முன்னால், அம்மன் முன்னால், அக்கா முன்னால். சொல்லுங்கள் தம்பி, உங்களுக்கென்றால் சும்மா இருப்பீர்களா? மைக் கையில் இருக்கிறது. ஆன் ஆகியும் இருக்கிறது.

"யாருக்கு யோசனை இல்ல? எனக்கா? மருதமுத்து யோசிக்காமலா ஒரு காரியம் செய்வான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். விசில் பறந்தது. "இருக்குடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ மாலை வாங்கி வந்து போட்டார்கள். நான் "இல்லை, இல்லை" என்று கத்துகிறேன், நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள். என் செட்டிலேயே.

சூடம் தானாக எரிந்து அணைந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதிலிருந்து என்னை ஒருத்தர் திட்டுவதில்லை தம்பி. திட்டுகிறதெல்லாம் வெளியூர் வீடியோக்காரர்கள்தான். ஊரில் எனக்கு ராஜ மரியாதை. சாவி என் தலைக்குள் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது, அதனால் தலை பத்திரமாக இருக்க வேண்டும். வண்டி ஓட்ட விடுவதில்லை. கம்பத்தில் ஏறிக் குழாய் கட்ட விடுவதில்லை. காலையில் ஒரு வீட்டிலிருந்து அவித்த முட்டை வரும், இன்னொரு வீட்டிலிருந்து பால். தெருவில் போனால், "பிரஷர் மாத்திரை போட்டாச்சா மாமா?" என்று சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். போன மாதம் இருமினேன். மூன்று பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மைக்செட் தொழிலும் போயிற்று, என்னோடு நின்று பேசுகிற ஆளும் இல்லாமல் போயிற்று. என்ன பேசினாலும் சிரித்துக்கொண்டே, "சரி மாமா, உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்கிறார்கள்.

ஒரு நாள் மெய்யாகவே ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. வரைந்துகொண்டிருந்தபோது ஒன்று மட்டும் ரொம்ப நீளமாக இருக்கிறதே, இதற்கு என்னப்பா அர்த்தம் என்று எழுத்தின் உருவத்தைச் சொல்லி ஜமாலைக் கேட்டிருந்தேன். அம்ப்ரெல்லா. குடை. நடுவில் இரண்டு கோடு ஒட்டி ஒட்டி நிற்கும். அதைத் தெரியாத்தனமாக அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"கொடைன்னா எந்தக் கொடைடா? அம்மனுக்குப் பிடிக்கிற கொடையா, மழைக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்டாள். மழைக்குத்தான் என்றேன். அன்றைக்கு எனக்குக் கோழிக் குழம்பு. அக்கா கையால் பரிமாறினாள். அவள் வீட்டில், அந்தச் சேலைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து. காற்றடித்தால் சேலை வந்து தட்டில் படுகிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்குப் போடுகிறாள்.

நான் சாப்பிட்டேன் தம்பி. என்ன செய்ய?

இப்போது போவது பச்சைமலை அடிவாரத்துக்கு. அங்கே மை போட்டுப் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கிறாராம். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்தால் தொலைந்த மாடு, ஓடிப்போன பிள்ளை எல்லாம் தெரியுமாம். என் தலைக்குள்ளே இருக்கிற மற்ற வார்த்தைகளும் தெரியும் என்று ஊர் முடிவு செய்து, பஸ் சார்ஜ் போட்டு அனுப்பியிருக்கிறது. தலைவரே இல்லாமல் முடிவெடுக்கிறார்கள் பாருங்கள், அதை நான்தான் கற்றுக்கொடுத்தேன். மையில் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று போய்ச் சொன்னால் அக்கா என்னை எதுவும் சொல்ல மாட்டாள். சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

சில நாள் எனக்கே சந்தேகமாக இருக்கிறது தம்பி. இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை நான் எழுதி எங்கேயாவது வைத்திருக்கிறேனோ என்று. நேற்றுக்கூட யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழைய ரெக்கார்டு பிளேயரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு செத்த பல்லி இருந்தது.

அதோ, ஆலமர ஸ்டாப் தெரிகிறது. அதற்கு அடுத்தது நாங்கள் இறங்குவது. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் தூங்குகிறார்கள்.

தம்பி, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே? ஒரு உபகாரம் செய்யுங்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சரி, சின்னதாக இருந்தால் போதும், என் வாயில் நுழைய வேண்டும். மெதுவாக, ரெண்டு தடவை சொல்லுங்கள்.

அர்த்தத்தையும் சொல்லிவிடுங்கள். அக்கா கேட்பாள்.